இளைப்பாறும் வழி

இளைப்பாறுதல் என்னும் சொல்லைப் பிரித்தால் இளைப்பு, ஆறுதல் என்று இரண்டாகும். ஆறுதல் என்பது சூடு தணிவது. காய்ச்சிய பால் ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், பசி ஆறும். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டு வருவார்கள். அதே ஒலியில் ஆறு என்றால் ஓடும் நீர். ஆறு என்றால் வழியும்தான், நெறியும்தான். ஆற்றுப்படை என்ற இலக்கிய வகைக்கே வழி சொல்லி அனுப்புதல் என்று பொருள். இவையெல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்பது மொழியறிஞர்கள் பேச வேண்டியது. வழியும் தண்ணீரும் தணிவும் தமிழ்க் காதுக்கு அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் சொற்கள்.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் வீடுகளில் ஒரு பேச்சு எழும்: எங்காவது போய்வர வேண்டும். ஒரு மலை, ஓர் அருவி, ஒரு கோயில், முடிந்தால் ஒரு கடற்கரை. கோயில் இல்லாத சுற்றுலா தமிழ்க் குடும்பங்களில் குறைவு. குளியலும் வேடிக்கையும் கட்டுச்சோறும் இல்லாத கோயில் பயணமும் குறைவு. பக்தி கேளிக்கையாகிவிட்டது என்று சமயப் பற்று மிகுந்தவர்கள் சலித்துக்கொள்வார்கள். கேளிக்கைக்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று பற்றில்லாதவர்கள் சொல்வார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: ஓய்வுக்குப் போவது வேறு, வழிபடப் போவது வேறு. அந்த எண்ணம் சரிதானா என்று கேட்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு பொருத்தமான இடம். சிலப்பதிகாரத்தின் முடிவு இங்குள்ள மலையொன்றோடு சேர்த்து நினைக்கப்படுகிறது. அந்தக் காப்பியத்தின் துயரம் தொடங்குவதோ ஒரு கடற்கரை உலாவில்.

தேனியிலிருந்து குமுளி நோக்கிப் போகும் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே வருசநாடு, மேகமலைக் குன்றுகள். நடுவில் முல்லையாறு வடக்கு நோக்கி இறங்கித் தேனிக்கு அருகே வைகையோடு சேர்கிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய வேலை 1895இல் முடிந்தது. அதை முடித்த பென்னிகுயிக்கின் பெயரை இங்கே பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். அவர் பிறந்த சனவரி 15இல் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீரில்தான் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. வாழையும் தென்னையும் பன்னீர் திராட்சையும் மற்ற நிலத்தை மூடியிருக்கின்றன.

பழந்தமிழ்ப் பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பள்ளத்தாக்கின் உழவுக் கணக்கில் இது இடைவெளிக் காலம். இரண்டாம் போகம் அறுத்தாகிவிட்டது. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்க ஜூன் வரவேண்டும். நிலம் ஆறிக் கிடக்கிறது. திருவிழாக்கள் இந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல் அல்ல. உழைப்பவருக்கு ஆண்டுக்குள்ளேயே ஓய்வு வைக்கப்பட்டிருக்கிறது; அந்த ஓய்வின் பெயர் திருவிழா. ஆங்கிலத்தில் விடுமுறையைக் குறிக்கும் ஹாலிடே என்ற சொல்லும் புனித நாள் என்ற பொருளில் பிறந்ததுதான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாசர் எழுதிய கேண்டர்பரி கதைகளில் யாத்திரிகர்கள் கிளம்புவது ஏப்ரலில். கிளம்பிய வேகத்தில் ஒருவருக்கொருவர் கதை சொல்லிச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வசந்தம் வந்ததும் மனிதன் கிளம்புகிறான். எதற்குக் கிளம்புகிறான் என்று அவனுக்கே முழுதாகத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் கடவுளும் கிளம்புகிறார். வசந்த உற்சவத்தில் இறைவன் கருவறைப் புழுக்கத்தை விட்டு மண்டபத்துக்கு வந்து குளிர்ச்சியாக வீற்றிருக்கிறார். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் அதற்காகவே எழுந்தது. சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர்மலையிலிருந்து கள்ளழகர் மண்டகப்படி மண்டகப்படியாகத் தங்கித் தங்கி வைகைக்கு வருகிறார். அவர் இறங்குவதற்குத் தண்ணீர் திறப்பது தேனி மாவட்டத்து வைகை அணையிலிருந்து. 1959 முதல் பயன்பாட்டில் இருக்கும் அந்த அணை பாசனத்துக்கும் குடிநீருக்கும் கட்டப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை அழகருக்காகவும் அதன் மதகு திறக்கிறது. கடவுளுக்கே உலாவும் இளைப்பாறலும் வேண்டும் என்று எண்ணிய சமூகம், மனிதனின் உலாவைச் சமயத்துக்குப் புறம்பானதாக எண்ணியிருக்க வழியில்லை.

ஆனால் எல்லா உலாவும் ஒன்றல்ல என்பதையும் இந்த மரபு அறிந்திருந்தது. சிலப்பதிகாரம் அதை இரண்டு உலாக்களை வைத்துக் காட்டுகிறது.

முதல் உலா புகாரில். காவிரி கடலோடு கலக்கும் அந்தத் துறைமுக நகரில் இந்திர விழா, சித்திரை நாள்மீனோடு நிலவு கூடும் முழுநிலா நாளை ஒட்டித் தொடங்கி 28 நாள் நடக்கிறது. விழாவின் முடிவில் ஊரே கடலாடப் புறப்படுகிறது. கண்ணகியின் கணவன் கோவலன் கோவேறு கழுதையிலும் அவன் காதலி மாதவி வண்டியிலும் போகிறார்கள். கடற்கரையில் புன்னை நிழல், புதுமணல், திரை கட்டிய இடம், கையில் யாழ். உலாவுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கோவலன் காவிரியைப் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவிக்குத் தோன்றுகிறது. அவளும் யாழை வாங்கிப் பாடுகிறாள். இவள் நெஞ்சில் வேறொருவன் என்று கோவலன் நினைக்கிறான். அவன் எழுந்து போய்விட, அவள் தனியே வண்டியேறி வீடு திரும்புகிறாள். நடந்தது இவ்வளவே. சண்டை இல்லை, வசவு இல்லை. ஒருவர் பாட்டை இன்னொருவர் கேட்டார்கள். தத்தம் ஐயத்தைத்தான் அதில் கேட்டார்கள்.

காப்பியம் இளவேனிலைப் பாடுவது அதற்குப் பிறகுதான். வேனிற்காதை என்றே பெயர் பெற்ற அந்தப் பகுதியில் தென்றல் வீசுகிறது, குயில் கூவுகிறது, மாதவி தாழை மடலில் கடிதம் எழுதி அனுப்புகிறாள். கோவலன் அதை வாங்க மறுக்கிறான். பருவம் கனிந்து நிற்கும்போது மனம் தாழிட்டுக் கிடக்கிறது. இயற்கை எழில் தானாகவே மனிதனை ஆற்றிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பைத் தமிழில் காண்பது அரிது. கடலும் நிலவும் யாழும் இருந்தும் அந்த உலாவிலிருந்து பிறந்தவை ஒரு பிரிவு, ஒரு கொலை, ஒரு நகரத்தின் எரிவு.

இரண்டாம் உலா சேர நாட்டில். செங்குட்டுவன் தன் அரசி வேண்மாளோடும் பரிவாரத்தோடும் மலைவளம் காணக் கிளம்புகிறான். போரில்லை, வேண்டுதலில்லை, காரியமும் இல்லை. பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறான். பெரியாற்று மணற்கரையில் தங்குகிறார்கள். மலைக்குறவர்கள் யானைத் தந்தம், அகில், தேன், சந்தனம் என்று மலைபடுபொருள்களைச் சுமந்துகொண்டு அரசனைப் பார்க்க வருகிறார்கள். காணிக்கைகளை வைத்துவிட்டு, தாங்கள் கண்ட ஒன்றையும் சொல்கிறார்கள்: வேங்கை மர நிழலில் ஒரு பெண் நின்றாள்; அவளுக்கு ஒரு மார்பு இல்லை; எங்கள் கண்முன்னே வானோர் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார்கள்; அவள் எந்த நாட்டவளோ, யார் மகளோ.

அரசன் கேட்கிறான். உடனிருந்த புலவர் சாத்தனார், மதுரையில் கோவலன் கொலையுண்டதையும் கண்ணகி நகரை எரித்ததையும் சொல்கிறார். அரசன் தன் அரசியைப் பார்த்து, கணவனோடு உயிர்விட்ட பாண்டியன் தேவி, நம் நாட்டு மலைக்கு வந்து சேர்ந்த இந்தப் பெண், இவர்களில் வியக்கத்தக்கவள் யார் என்கிறான். பாண்டியன் தேவி வானத்தில் பெருவாழ்வு பெறட்டும், நம்மை நாடி வந்த பத்தினியை நாம் வழிபட வேண்டும் என்கிறாள் வேண்மாள். இமயத்திலிருந்து எடுத்த கல், அதைச் சுமந்த வடநாட்டு மன்னர் கனக விசயர், வஞ்சியில் எழுந்த கோயில், இலங்கை மன்னன் கயவாகு வந்து வணங்கியது எல்லாமே இந்த ஒரு சொல்லிலிருந்து விரிகின்றன. வழிபாடு தொடங்கியது ஓர் உல்லாசப் பயணத்தின் நடுவில். தொடங்கி வைத்தவர்கள் கல்வியோ பதவியோ இல்லாத மலைவாழ் மக்கள். முடிவு சொன்னவள் ஒரு பெண்.

கடற்கரையில் இருவர் தங்கள் மனக்கசப்பைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. ஆற்று மணலில் ஓர் அரசன் முன்பின் அறியாத பெண்ணின் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்டான். இரண்டும் இன்ப உலாக்கள்தான். ஒன்று உலாவாகவே முடிந்து போயிற்று. மற்றொன்று யாத்திரையாக மாறியது. அந்த மாற்றத்துக்குக் காப்பியம் விரதத்தையோ சடங்கையோ காரணமாகச் சொல்லவில்லை. ஓய்வு கேளிக்கையாவதும் வழிபாடாவதும் அந்த ஓய்வில் மனிதனுக்குப் பிறர் துயரம் கேட்கிறதா என்பதைப் பொறுத்தது. காப்பியத்தை இயற்றிய இளங்கோவடிகள் தருகிற விடை இதுதான் என்று கொள்ளலாம்.

இந்த இரண்டு உலாக்களுக்கும் இடையில் ஒரு நடைப்பயணம் இருக்கிறது. புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் நடக்கிறார்கள். ஒருவன் இழந்த பொருளை மீட்கப் போகிறான். ஒருத்தி கணவன் போவதால் போகிறாள். சமணத் துறவியான கவுந்தி அறவுரை கேட்கவும் அருகனைத் தொழவும் போகிறார். மூன்று நோக்கம், ஒரே வழி. புறப்படும்போது கவுந்தி வழியின் இடர்களைச் சொல்கிறார். தமக்கு நேரும் இடர்களை விட, தம் காலால் பிற உயிர்களுக்கு நேரக்கூடியவைதான் அவர் பேச்சில் மிகுதி: வயல் வழியே போனால் நண்டும் நத்தையும் மிதிபடும், சோலை வழியே போனால் வண்டுக்குக் கேடு வரும். பயணம் செய்கிறவனின் கால் எங்கே படுகிறது என்பதையே அறக் கேள்வியாக வைத்த சமயம் சமணம். உத்தமபாளையத்துப் பாறையில் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அச்சணந்தி என்ற துறவியின் பெயரும் அங்கே காணப்படுகிறது. மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் நடந்துகொண்டே இருக்க வேண்டிய முனிவர்களின் உலகத்துக்குள் இந்தப் பள்ளத்தாக்கும் இருந்தது என்பதை அந்தப் பாறை சொல்கிறது. கோவலன் கொலைப்பட்ட செய்தி கேட்டுக் கவுந்தி உண்ணாமல் உயிர் விட்டார். துறவியாக இருந்தும் வழித்துணையின் துயரம் அவரைத் தீண்டாமல் போகவில்லை.

மதுரை எரிந்த பின் கண்ணகி மேற்கு வாயில் வழியாக வெளியேறி, வைகைக் கரையோடு நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் 14 நாள் நின்றதாகக் காப்பியம் கூறும். அந்தத் தடத்தைக் காலால் நடந்து தேடியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். கூடலூருக்கு மேலே தமிழ்நாடு கேரள எல்லையில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் சிதைந்து கிடக்கும் மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்று 1963இல் அவர் அறிவித்தார். கொடுங்கல்லூர் பகவதி கோயிலையும் செங்குட்டுவனின் பத்தினிக் கோட்டத்தோடு இணைக்கும் மரபு கேரளத்தில் வலுவாக உண்டு. எந்த இடம் சரி என்ற வழக்கு இந்தக் கட்டுரையின் கேள்விக்குத் தேவையில்லை.

மங்கலதேவி கோயில் ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று, மக்களுக்குத் திறக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக் காடு அது. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து விழாவை நடத்துகின்றன. குமுளியிலிருந்து ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஏறும். லோயர்கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து நடப்பவர்களுக்கு ஆறேழு கிலோமீட்டர் செங்குத்தான காட்டுவழி. இருட்டு பிரியும் முன்பே புறப்படுகிறார்கள். முதல் மைலில் பேச்சும் சிரிப்பும் இருக்கும். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். வெறுங்காலோடு ஏறும் பாட்டி ஒருத்திக்கு முன்பின் தெரியாத இளைஞன் கைகொடுத்து இழுத்துவிடுகிறான். அவள் அவனை ‘சாமி’ என்கிறாள். புல்வெளி தொடங்குமிடத்தில் காற்று திடீரென்று குளிர்கிறது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு முழுதும் தெரியும்: தென்னந்தோப்புகளின் கரும்பச்சை, ஊர்களின் ஓட்டுச் சிவப்பு, நடுவே ஆற்றின் கோடு.

மேலே கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கூரையிழந்த கருங்கல் சுவர்கள், சரிந்த கற்கள், அவற்றினிடையே அன்றைக்கு மட்டும் பூவும் சந்தனமும் பட்டும் சாத்திய அம்மன். தமிழ் முறையிலும் கேரள முறையிலும் பூசை நடக்கிறது. பொங்கல் வைக்கிறார்கள், சோறு போடுகிறார்கள். பெண்களுக்கு மஞ்சள் கயிறும் வளையலும் பிரசாதமாகக் கிடைக்கின்றன. கையில் வாங்கிய வளையலை அங்கேயே நின்று போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. மதுரை வாயிலில் கொற்றவை கோயிலின் முன்னால் தன் வளையல்களை உடைத்துவிட்டு நடந்தவள் கண்ணகி. அவளுடைய மலையில் வளையல் தருவது யார் ஏற்படுத்திய வழக்கமாக இருந்தாலும், துயரத்தை நன்றாகக் கேட்ட ஒரு மனம் ஏற்படுத்தியது அது.

இந்த நாள் பற்றி ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. மதுரை எரிந்தது ஆடி மாதத் தேய்பிறையில் என்று காப்பியம் குறிக்கிறது. அந்தக் கணக்கில் மலைக்குரிய நாள் சித்திரையில் வராது. சித்திரை முழுநிலா புகாரின் விழாவுக்கு உரியது. கண்ணகி விண்ணேறிய நாள் இது என்ற நம்பிக்கையோடுதான் மக்கள் ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு மேல் இன்னொன்றும் இங்கே நிகழ்கிறது. எந்த விழாவின் முடிவில் அவள் வாழ்வு உடைந்ததோ, அந்த விழா தொடங்கிய நிலவு நாளிலேயே மக்கள் அவளைத் தேடி வருகிறார்கள்.

துயரத்தைக் கல்லாக நட்டு வழிபடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்கள் இந்தியாவின் மிகப் பழைய நடுகற்களில் சேர்பவை. 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த ஒருவனுக்கு எடுத்தது. சிலப்பதிகாரம் கண்ணகிக்குக் கோயில் எடுக்கும் பகுதிகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்றே பெயர் வைத்தது. நடுகல் நடும் முறைக்குத் தொல்காப்பியம் சொல்லும் படிநிலைகள் இவை. அவற்றில் நீர்ப்படை என்பது கல்லை நீராட்டுவது. இறந்தவரின் நினைவை நட்டால் போதாது, அதைக் குளிர்விக்கவும் வேண்டும்.

அந்தக் குளிர்வித்தலை இன்றும் கண்ணால் பார்க்க வீரபாண்டிக்குப் போகலாம். முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். கண் பார்வை இழந்த பாண்டிய மன்னனுக்கு அது மீண்டும் கிடைத்த தலம் என்பது ஊர்க்கதை. சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பே மூன்று கிளை பிரியும் மரக்கொம்பை நடுகிறார்கள். அதற்குக் கம்பம் என்று பெயர். ஈசனாகக் கருதப்படும் அந்தக் கம்பத்துக்கு மக்கள் நாள்தோறும் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். விடியலில் ஆற்றில் முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு, வேப்பிலை செருகிய மஞ்சள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஊற்றிய நீர் கம்பத்தில் வழிந்து, தரையில் ஓடி, அடுத்து நிற்பவர் காலை நனைக்கிறது. மழை பெய்ய வேண்டும், அம்மை இறங்க வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும் என்று ஆளுக்கொரு வேண்டுதல். தண்ணீர் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பிறகு எட்டு நாள் திருவிழா. அக்கினிச் சட்டி ஏந்துகிறார்கள், ஆயிரங்கண் பானை எடுக்கிறார்கள், உடம்பெல்லாம் சேறு பூசிச் சேத்தாண்டி வேடம் போடுகிறார்கள். ஐம்பதடி தள்ளி ராட்டினம் சுற்றுகிறது; பொரிக்கடை, வளையல்கடை, சர்க்கஸ் கூடாரம், இரவெல்லாம் கூட்டம். தீச்சட்டியோடு வந்த தாய் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு மகனை ராட்டினத்தில் ஏற்றிவிடுகிறாள். அவளுக்கு இரண்டும் ஒரே நாளின் வேலை. முழு ஆண்டு உழைத்த உடம்பும் பயந்து பயந்து காத்த மனமும் ஒன்றாக ஆறுகின்றன. பக்தியையும் கேளிக்கையையும் கோடு போட்டுப் பிரிக்க நினைப்பவர்கள் அந்த ஐம்பதடி தூரத்தை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

இளைப்பாறுதலைத் தத்துவமாகவே எடுத்துச் சொன்னது சைவ சித்தாந்தம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலில் அழித்தல் கொடுமையாகத் தோன்றும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அதை இளைப்பை ஆற்றுவதாக விளக்குகிறது. பிறந்து இறந்து அலைந்த உயிர்கள் களைத்துப் போகின்றன. அவற்றை ஒடுக்கி, சற்றே ஓய விடுகிறான் இறைவன். நாள் முழுதும் விளையாடிய பிள்ளையைத் தாய் தூங்க வைப்பதைப் போன்றது இது. ஆனால் சித்தாந்தம் அந்த ஓய்வை வீடுபேறு என்று சொல்வதில்லை. மலம் நீங்காத வரை உயிர் மறுபடியும் எழுந்து உலகுக்கு வரத்தான் வேண்டும். ஓய்வு அருளின் ஒரு வடிவம். முடிவான நிலை அன்று. ஓய்வைக் குற்றமாக எண்ணுகிறவர்களுக்கும், ஓய்வே வாழ்வின் நோக்கம் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒருசேரச் சொல்லப்பட்ட விடையாக அது இருக்கிறது.

இதற்கு எதிர்க்கேள்வியும் மரபுக்குள்ளேயே உண்டு. கங்கையில் ஆடினால் என்ன, காவிரியில் ஆடினால் என்ன, குமரிக் கடலில் ஆடினால்தான் என்ன, ஈசன் எங்கும் இருக்கிறான் என்று உணராவிட்டால் பயனில்லை என்ற கருத்தில் பாடியவர் திருநாவுக்கரசர். சித்தர்கள் இதை இன்னும் சூடாகக் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. இறைவன் எங்கும் இருப்பவன் என்றால் கூடலூர் மலைக்கு மூச்சிரைக்க ஏறுவானேன்? ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட நாவுக்கரசரே வாழ்நாள் முழுதும் ஊர் ஊராக நடந்தவர். முதுமையில் கயிலைக்குக் கிளம்பி, கால் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் நகர்ந்து, உருண்டு போனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. வழியில் தென்பட்ட பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். கடவுள் அங்கேதான் இருக்கிறார் என்பதற்காக அவர் நடந்ததாகத் தெரியவில்லை. இருக்கும் இடத்திலேயே இருந்தால் மனிதனின் காது அடைத்துப் போகிறது. பழகிய வீடு, பழகிய கவலை, பழகிய குரல்கள். வழியில் போகும்போதுதான் மற்றவர் பேச்சு காதில் விழுகிறது. தலங்கள் கடவுளுக்காக அமைந்ததை விட மனிதக் காதுக்காக அமைந்தவை என்று கொண்டால் நாவுக்கரசரின் பாட்டும் நடையும் ஒன்றோடொன்று முரண்படா.

இன்றைய சுற்றுலாவில் குறை உண்டென்றால் அது இந்த இடத்தில்தான். மேகமலைக்கும் சுருளி அருவிக்கும் விடுமுறையில் வருகிறவர்கள் மகிழ்ந்து குளிப்பதில் தவறே இல்லை. சுருளித் தீர்த்தத்தில் அமாவாசைக்கு முன்னோருக்கு நீர் இறைக்கிறவர்களும், பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே நீரில்தான் நிற்கிறார்கள். வண்டியில் ஏறி, கண்ணாடியை ஏற்றி, சொந்தப் பாட்டை மட்டும் கேட்டு, படம் எடுத்து, அதே வண்டியில் திரும்பினால் அது புகார்க் கடற்கரையின் தொடர்ச்சி. தோட்டத்துத் தேயிலை பறிக்கிற பெண்ணோடு, பாதை காட்டுகிற மலைவாழ் பளியரோடு, வழிக்கடையில் டீ ஆற்றுகிறவரோடு இரண்டு சொல் பேசக் காலம் ஒதுக்கினால் அது வேறு பயணம் ஆகிவிடும். கவுந்தியின் நண்டையும் நத்தையையும் மறக்கக் கூடாது. மங்கலதேவி மலைக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. மாலைக்குள் எல்லாரையும் வனத்துறையினர் இறக்கிவிடுகிறார்கள். பக்தர்களுக்கு அது குறையாகப் படுகிறது, இன்னும் பல நாள் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. காட்டுக்கும் இளைப்பாற உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டால், ஒருநாள் அனுமதி கண்ணகிக்கு இழைத்த அநீதியாகாது. மனிதர் ஏறிய புல்வெளியில் மறுநாள் மான் மேயும்.

ஆண்டுக்கு ஒருமுறை கதவு திறக்கும் கண்ணகி கோயில்கள் கடலுக்கு அப்பாலும் இருக்கின்றன. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பகுதி ஊர்களில், பல கண்ணகியம்மன் கோயில்கள் வைகாசியில் மட்டும் திறக்கின்றன. அந்த நாள்களில் கண்ணகி வழக்குரை என்னும் நூல் படிக்கப்படுகிறது. கடைசிச் சடங்குக்குத் திருக்குளிர்த்தி என்று பெயர். எரித்தவளைக் குளிர்விப்பது. சிங்கள மக்கள் அவளையே பத்தினி தெய்வமாக வணங்குகிறார்கள். வடக்கே முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயில். 2009 மே மாதம் போர் முடிந்த கரை அது. உயிரிழந்தவர்களுக்கும் காணாமற் போனவர்களுக்கும் கணக்கே முடியாத கரை. ஒவ்வொரு வைகாசியிலும் அங்கே பொங்கல் நடக்கிறது. காவடிகள் வருகின்றன, கடைகள் போடுகிறார்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் விடுமுறை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். பொங்கலுக்கு முன்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துக் குடத்தில் கொண்டுவருகிறார்கள். அம்மன் முன்னால் வைக்கும் விளக்கில் எண்ணெய்க்குப் பதிலாக அந்த உப்புநீரை ஊற்றித் திரி ஏற்றுகிறார்கள். பொங்கல் முடிகிறவரை அது எரிகிறது.